பென்சிலில் எழுதிய பேர்கள்

— புஸ்தகத்த மடியில வெச்சிக்கினு உக்காந்தா வண்டி குலுங்கறப்ப வயித்துல குத்தும் சார். இப்பிடிக் குடுங்க, புத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் நான் வெச்சிக்கறேன்.

— நீர் மாட்டை ஓட்டும், முன்சீப். புஸ்தகம் என்கிட்டயே இருக்கட்டும். ஜப்தி பண்ணின சாமானை ஜப்தி பண்ணினவன்தான் வச்சிருக்கணும்.

— ஜப்தி கிப்தின்னு பெரிய வார்த்தையா சொல்றீங்களே. ஊருல யாரு பொறந்தா, யாரு செத்தான்னு எழுதற நோட்டு. வேணும்னா முன்சீப் வேலைய எடுத்துக்கோங்க. முனிரத்தினத்துக்கு இந்த வேல வேணாம்னு இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். புஸ்தகத்த மட்டும் வுட்டுட்டுப் போங்க சார்.

— வேலை போனாலும் பரவாயில்லை, புஸ்தகம் போகக் கூடாதுன்னு சொல்ற முன்சீப்பை நான் இப்பத்தான் பாக்கறேன். அதைக் கேட்ட பிற்பாடு சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாகுது.

— இன்னா சந்தேகம்? மூணு நாளா எங்க ஊர சல்லடையில போட்டு சலிச்சிட்டீங்க. ஒண்ணாவது கெடச்சுதா?

— கிடைக்கலை. அதுதான் சந்தேகம். கேளும். சித்தூர் கலெக்டர் ஆபீஸ்ல பதினாறு வருஷமா பிறப்பு இறப்புக் கணக்குப் பாக்கறவன் நான். இந்த வருஷம் பெரிய தொரை கூப்பிட்டுச் சொன்னார், வேதநாயகம், நம்ம ஜில்லாவுல தன் உயிரைத் தானே போக்கிக்கிறவங்க ஒரு ஊர்ல ஜாஸ்தி, ஒரு ஊர்ல கம்மி, காரணம் என்னன்னு பாருன்னு. இருபது வருஷத்து ரிஜிஸ்டரை எல்லாம் அடுக்கி வச்சுக்கிட்டு உக்காந்தேன். உங்க பக்கத்து ஊர் மேல்சாவடி. இருபது வருஷத்துல பதினேழு பேர். உங்க ஊர் கண்டிகை?

— ஒண்ணும் இல்ல.

— ஸீரோ! இருபது வருஷமும் ஸீரோ. அதே மண்ணு. அதே ஏரித் தண்ணி. மூணு வருஷமா மழை பொய்க்கிறது ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான். ஜாத்திரைக்கு ரெண்டு ஊரும் ஒரே அம்மனுக்குத்தான் பொங்கல் வைக்குது. நடுவுல ஒரு ஓடை, அதுலயும் தண்ணி இல்லை. அந்தப் பக்கம் பதினேழு, இந்தப் பக்கம் ஸீரோன்னா எந்த மடையன் நம்புவான்?

— நாங்க அத எண்ணிப் பாத்தது இல்ல சார்.

— நான் எண்ணினேன். ஸீரோன்னா ரெண்டு அர்த்தம்தான். ஒண்ணு, அங்க அது நடக்கலை. இல்லைன்னா நடந்ததை முன்சீப் மறைச்சிட்டார். போலீஸ் வருவாங்க, விசாரணை வரும், குடும்பத்துக்கு அவமானம்னு பல பேர் ஜுரம்னு எழுதிடறாங்க. கணக்கு கணக்குதான். ஆனா எழுதறவன் மனுஷன்.

— ஜுரம்னு எழுதிட்டுத் தூங்க முடியுமா சார்?

— மாட்டை ஓட்டும்.

— ஹை! செவலே, நடடா. கோச்சிக்காதீங்க, கேக்க மறந்துட்டேன். உங்க பேனாவ எங்க அக்கா சந்திரம்மாவுக்குக் குடுத்துட்டீங்களாமே. அதுக்குக் கையெழுத்தே போடத் தெரியாதே.

— மூணு நாள் சமைச்சுப் போட்டாங்க. நினைவா இருக்கட்டும்.

— வண்ணான் பாலையாவுக்கு ஒரு வேட்டியாம். புது வேட்டின்னு ஊரு பூரா காட்டிக்கினு இருக்கான்.

— துவைக்கப் போட்டேன், அவனுக்குப் பிடிச்சிருந்தது. எனக்கு இன்னொரு வேட்டி எதுக்கு? இதெல்லாம் என்ன விசாரணை, முன்சீப்? விசாரிக்க வந்தவன் நான்.

— தப்புதான் சார். விசாரிங்க.

— விசாரிக்கிறேன். இதோ, கடைசிப் பக்கங்கள். செத்தவங்க பகுதி. முன்னால எல்லாம் மை. தேதி, வயசு, காரணம், சுத்தமா இருக்கு. பின்னால திருப்பினா பென்சில். நாப்பத்திமூணு பேர். தேதி இல்லை, காரணம் இல்லை, பேருக்கு எதிர்ல ஒரு சாமான். 'கங்கையா, கறவைப் பசு.' 'செல்லியம்மா, சந்திரம்மா வூட்டுக் குழவி.' 'கோவர்த்தனன், ஏணி, ரெண்டு ஆடு, உரல், ஒரு ஜோடி செருப்பு.' அநேகமா எல்லாத்துக்கும் கீழ வந்திடுச்சு, வந்திடுச்சுன்னு. நான் என்ன நினைப்பேன்? நாப்பத்திமூணு சாவை மறைச்சிருக்கீர், அதுக்கு ஆளுக்கொரு சாமான் லஞ்சம் வாங்கியிருக்கீர்.

— ஐயய்யோ! ஏணிய எவனாவது லஞ்சமா வாங்குவானா சார்? வெக்கறதுக்கு எடம் வேணாவா?

— சிரிக்காதீர். அந்த நாப்பத்திமூணு பேரையும் தேடித்தான் மூணு நாள் வீடு வீடா ஏறினேன்.

— தெரியும். கெடச்சாங்களா?

— கிடைச்சாங்களே! அஞ்சு பேர் வயசாகிப் போயிட்டாங்க, அது முன்னால மையில சரியாவே இருக்கு. பாக்கி முப்பத்தெட்டு பேரும் உயிரோட இருக்காங்க. மாடு மேய்க்கிறாங்க, சண்டை போடறாங்க, பேரனைத் தூக்கி வச்சிருக்காங்க. சாவுப் புஸ்தகத்துல பேர் இருக்கிறவன் பனைமரத்துல ஏறி எனக்கு நொங்கு வெட்டிக் கொடுத்தான், முன்சீப்! நானும் வாங்கித் தின்னேன்.

— அதோ, வரப்புல நிக்கறான் பாருங்க உங்க நொங்குக்காரன். டேய் கங்கையா!

— யாரு, குமாஸ்தா அய்யாவா போறது? நொங்கு நல்லா இருந்துச்சுங்களா?

— நல்லா இருந்துச்சு, கங்கையா.

— முத்திப் போச்சுங்க அது. அடுத்த வாட்டி வாங்க, எளசா வெட்டித் தரேன்!

— பாத்தீங்களா சார், அடுத்த வாட்டின்றான்.

— கேட்டேன். இப்ப சொல்லும். சாவுப் புஸ்தகத்துல உயிரோட இருக்கிறவன் பேர் எதுக்கு?

— அத வாயால சொல்றதில்ல சார். எங்க ஊர்ல ஒருத்தருக்கொருத்தர் கூட சொல்லிக்கறதில்ல.

— சொல்லலைன்னா புஸ்தகம் சித்தூர் போகும். தாசில்தார் பாப்பார், போலீஸ் பாக்கும்.

— போனா திரும்பி வராது காதா, வராதில்ல?

— வராது. ரெக்கார்டு ரூம்ல கரையான் தின்னும்.

— அப்ப சொல்லித்தான் ஆவணும். இதே கங்கையா. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால இவன் பொண்டாட்டியும் ரெண்டு புள்ளைங்களும் ஒரே வாரத்துல வாந்திபேதியில போயிட்டாங்க. மூணு பேரும் மையில இருக்காங்க, பாருங்க.

— இருக்கு. பாத்தேன்.

— இவன் அழவே இல்ல. மூணா நாளு காலைல வாசல பெருக்கிக்கினு இருந்தான். எங்க அக்கா பாத்துச்சு. வூடே போயிட்ட மனுஷன் ஒரு குப்ப இல்லாம வாசல பெருக்கறான். அக்கா ஒண்ணும் பேசல. நேரா வூட்டுக்கு வந்துச்சு, கறந்துனு இருந்த பசுவ அவுத்துச்சு, கன்னுக்குட்டியோட ஓட்டிக்கினு போயி இவன் வாசல்ல கட்டுச்சு. கங்கையா, கன்னு பால் மறக்கற வரைக்கும் இது உன்கிட்ட இருக்கட்டும், அப்பறம் நீயே கொண்டாந்து வுடுன்னு சொல்லிட்டு அக்கா வூட்டுக்கு வந்துடுச்சு.

— அவ்வளவுதானா?

— இன்னா அவ்வளவுதானா? பசு சார்! விடிஞ்சா கத்தும். கறக்கணும், தண்ணி காட்டணும், புல்லு அறுத்தாரணும். தன் பசுன்னா பட்டினி போட்டாலும் போடுவான். இது அடுத்தவங்க பசு. எங்க ஊருல இரவல் சாமான் கையில இருக்கறவன் அதத் தன் கையால திருப்பிக் குடுக்காம எங்கியும் போவக் கூடாது. போனா ஏழு சென்மத்துக்கும் அந்த வூட்டு வாசலையே சுத்தணும். பால் குடிக்கற புள்ளைக்குக் கூட இது தெரியும் சார்.

— எங்கியும்னா...

— எங்கியும்னா எங்கியுந்தான்.

— கர்த்தாவே.

— குடுத்தவங்க கேக்கக் கூடாது. கன்னு பால் மறந்து நாலு மாசம் ஆச்சு, அக்கா அந்தப் பக்கமே போவல. ஒரு நாள் இவனே பசுவப் புடிச்சிக்கினு வந்தான். திருப்பிக் குடுக்க வர்றவங்க அந்த வூட்டுல ஒரு வேள துன்னுட்டுத்தான் போவணும். களியும் கீரையும் போட்டுச்சு அக்கா. ரெண்டு வாய் துன்னான், தட்டு மேலயே தலைய வெச்சிக்கினு அழுதான் பாருங்க, தெருவே கேட்டுச்சு. அன்னிக்குத்தான் வந்திடுச்சுன்னு எழுதினேன்.

— நான் அதைப் பசு வந்திடுச்சுன்னு படிச்சேன்.

— எல்லாரும் அப்பிடித்தான் படிப்பாங்க.

— நாப்பத்திமூணு தடவை... நாப்பத்திமூணு பேர், முன்சீப்! போலீஸ் இல்லாம, டாக்டர் இல்லாம, ஒரு உபதேசம் இல்லாம. குழவியும் ஏணியும் வச்சே நிறுத்தியிருக்கீங்க. இதை யார் கண்டுபிடிச்சது?

— யாரும் கண்டுபுடிக்கல. தாது வருஷப் பஞ்சத்துல ஒரு பொம்பளைக்கு வூட்டுல அத்தினி பேரும் போயிட்டாங்க. அதுவும் போயிடலாம்னு கெளம்புச்சு. பக்கத்து வூட்டு மொறம் கையில இருந்துது, அதக் குடுத்துட்டுப் போவலாம்னு போனா அந்த வூட்டுல ஆள் இல்ல. வர்ற வரைக்கும் வாசல்ல உக்காந்துச்சு. சாயங்காலம் வந்தவ, ஏண்டி வெயில்ல காஞ்சுக்கினு கெடக்கறன்னு கூழு ஊத்துனா. அதுக்கப்பறம் முப்பது வருஷம் இருந்துச்சாம். அந்த மொறம் மட்டும் கையில இல்லன்னா நான் என்னிக்கோ போயிருப்பேன்னு சாவும்போது சொல்லிச்சாம். அம்மாந்தான். மொறம் வெச்சி ஒரு உயிரு நிக்கும்னு ஊருக்குத் தெரிஞ்சி போச்சி.

— அப்ப இந்த கோவர்த்தனன்? ஒருத்தனுக்கே ஏணி, ஆடு, உரல், செருப்பு?

— அது ஒரு கூத்து சார். ரெண்டு நாளு மொகத்த தொங்கப் போட்டுக்கினு உக்காந்துனு இருந்தான், சோறு எறங்கல, யார்கிட்டயும் பேச்சு இல்ல. நாராயணசாமி மவன் பாத்துட்டு ஆட்ட ஓட்டியாந்து கட்டிட்டான். அவன் கட்டினது தெரியாம செல்லியம்மா உரல உருட்டிக்கினு போச்சி. நான் ஏணியத் தூக்கிக்கினு போறேன், எதிர்ல ஒருத்தன் செருப்பக் கழட்டிக் கையில புடிச்சிக்கினு வர்றான். கோவர்த்தனன் பொண்டாட்டி ஏணியப் பாத்ததும் ஓன்னு ஒப்பாரி வெச்சிட்டா. அவன் உள்ளேருந்து ஓடியாந்து, கன்னத்தப் புடிச்சிக்கினு கத்தறான், அடப் பாவிங்களா, எனக்குப் பல்லு வலிடான்னு!

— பல்லு வலியா!

— சிரிக்கிறீங்க சார். மூணு நாள்ல இப்பத்தான் பல்லு தெரியுது.

— நாப்பத்திமூணுல ஒண்ணைக் கழிச்சிடணுமே அப்ப.

— கழிக்காதீங்க. பல்லு வலின்னு அவன் சொன்னான். வாயத் தொறந்து காட்டல. ஏணிய எட்டு மாசம் கழிச்சுத்தான் கொண்டாந்தான்.

— சரி, கழிக்கலை. ஆனா முன்சீப், ஓடைக்கு அந்தப் பக்கம் ஏன் இது இல்லை? அதே ஜனம். பெண் கொடுக்கறீங்க, எடுக்கறீங்க.

— மேல்சாவடி வசதியான ஊரு சார். வூட்டுக்கு வூடு கெணறு, வூட்டுக்கு வூடு ஆட்டுக்கல்லு. ஒரு படி உப்புக்குக் கூட அடுத்த வூட்டு வாசப்படி ஏறமாட்டாங்க. எவன்கிட்டயும் கை நீட்டாதவங்க நாங்கன்னு சொல்லிக்குவாங்க, அதுல அவங்களுக்கு அம்மாம் பெரும. எங்க ஊருப் பொண்ணு ரத்தினம்மாவ அங்கதான் குடுத்தோம்.

— ரத்தினம்மா. பொறும். இருபத்தொன்பதாம் வருஷம். வயசு பத்தொன்பது. மேல்சாவடி ரிஜிஸ்டர்ல பதினாலாவது பேர்.

— நெனப்பு வெச்சிருக்கீங்களே சார்.

— பதினேழு பேரும் எனக்கு மனப்பாடம்.

— போன புதுசுல பக்கத்து வூட்டுல சல்லட கேட்டுச்சாம். பேச்சுத் தொணைக்குத்தான் கேட்டிருக்கும், சல்லடைக்கு இல்ல. மாமியாக்காரி, நம்ம வூட்டுல இல்லாத சல்லடையா, எங்க மானத்த வாங்கறியான்னு அடிச்சிட்டா. அப்பறம் அது எதையும் கேக்கல. எங்க ஊருலயே இருந்திருந்தா அது மொகத்தப் பாத்து யாராவது ஒருத்தர் ஒரு கோழியையாவது கையில புடிச்சிக் குடுத்திருப்பாங்க சார். ஓடையத் தாண்டிடுச்சி.

— பதினாறு வருஷமா நான் எதையெதை எல்லாம் எழுதி வச்சேன். விளைச்சல், சாராயக் கடை, கடன், ரயில் போடற பாதை. சல்லடையை எழுதலை. தொரைக்கு இதை என்ன இங்கிலீஷ்ல எழுதறது?

— எழுதாதீங்களேன்.

— ஒண்ணு கேக்கறேன். யாருக்குக் கொடுக்கணும்னு எப்படித் தெரியும்? மூஞ்சியைத் தொங்கப் போடறவன் எல்லாருமா?

— இல்ல சார். அழறவன், கத்தறவன், குடிச்சிட்டு உருள்றவன், இவங்கள எல்லாம் பாத்துக்கலாம். திடீர்னு ஒழுங்காயிடறான் பாருங்க, அவந்தான். வாசல் சுத்தமாயிடும். வாங்கினதையெல்லாம் தேடித் தேடித் திருப்பிக் குடுப்பான். தன் சாமான எடுத்துத் தானம் பண்ணுவான். கேட்டா, எனக்கு எதுக்கும்பான்.

— முன்சீப், வண்டியைக் கொஞ்சம் மெதுவா விடும்.

— சார்? தண்ணி குடிக்கறீங்களா? சொம்பு பின்னால இருக்குது.

— என் தம்பி இன்பசேகரன். மிஷன் ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தான். என் சம்சாரம் லோயிஸ் போன பிற்பாடு வீட்ல நாங்க ரெண்டு பேர்தான். போன நவம்பர்ல ஒரு வாரம்... ஸ்கூல் புஸ்தகத்தை எல்லாம் அட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தான். பக்கத்து வீட்டு கிருபாபாய் அம்மாகிட்ட ரெண்டு வருஷம் முன்னால வாங்கின குடை, அதைத் தேடி எடுத்து, கம்பியைச் சரி பண்ணிக் கொண்டு போய்க் கொடுத்தான். எவ்வளவு ஒழுங்கான பிள்ளைன்னு அந்தம்மா சபை முழுக்கச் சொன்னாங்க. எங்க ஜனங்களுக்கு யார்கிட்டயும் எதுவும் பாக்கி வைக்காம இருக்கறதுதான் மரியாதை. எனக்குப் பெருமையா இருந்தது, முன்சீப். நான் பெருமைப்பட்டேன்!

— சார்...

— சனிக்கிழமை அவன் இல்லை. எப்படின்னு கேக்காதீர்.

— கேக்கல சார்.

— அப்படிப் போனவனுக்குக் கல்லறைத் தோட்டத்துல இடம் கிடைக்காதுன்னு பயம். பதினாறு வருஷமா ஊரான் கணக்கைத் திருத்தினவன், என் தம்பிக்கு ஜுரம்னு எழுத வச்சேன். எழுதிட்டுத் தூங்க முடியுமான்னு கேட்டீர் இல்லையா? எட்டு மாசம் ஆச்சு... இல்லை, ஆறு மாசம். எனக்கு நாள் குழம்புது. எங்க தெருவுக்கும் இப்ப ஸீரோதான். உங்க ஸீரோ மெய், எங்க ஸீரோ பொய். பொய்யை எழுதினவன் மெய்யைப் பிடிக்க வந்திருக்கேன் பாத்தீரா.

— அந்தக் கொடைய அந்தம்மா வாங்கிக்காம இருந்திருந்தா...

— ஆமா. மழைக்காலம் முடியட்டும், அப்புறம் கொடு தம்பின்னு ஒரு வார்த்தை. அவங்களைக் குத்தம் சொல்லலை. எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?

— ஹை, ஹை. எறக்கம் வருது சார், பலகையப் புடிச்சிக்கோங்க.

— முன்சீப், இன்னொண்ணு. இருபதாவது பேர். உம்ம பேர். 'முனிரத்தினம், இந்தப் புஸ்தகம்.' கையெழுத்து வேற, பாதி தெலுங்கு பாதி தமிழ். முதல் நாளே பாத்தேன், புஸ்தகத்துக்குச் சொந்தக்காரர் பேர்னு நினைச்சுத் தள்ளிட்டேன். இதுக்குக் கீழ மட்டும் வந்திடுச்சு இல்லையே.

— இல்ல.

— சொல்லும்.

— எங்க பெரிநைனா, அதான் பெரியப்பா, அவரு கையெழுத்து அது. அவருதான் அப்ப முன்சீப். கங்கையா வூட்டுல புகுந்த அதே வாந்திபேதிதான் சார். எங்க வூட்டுல என் பொண்டாட்டி தாட்சாயணி, அப்பறம் பேரு வெக்காத ஒரு ஆம்பளப் புள்ள. எனக்கு இருவத்தஞ்சு வயசு. நான் ரொம்ப ஒழுங்காயிட்டேன். பெரிநைனா வந்தாரு, இந்தப் புஸ்தகத்த மடியில வெச்சாரு. டேய், நான் நாராயணவனம் பிரம்மோற்சவத்துக்குப் போய்க்கினு இருக்கேன், வர்ற வரைக்கும் நீ எழுது, வந்து வாங்கிக்கறேன்னாரு.

— முதல்ல எழுதினது?

— தாட்சாயணி. ரெண்டாவது வரியில, கொழந்த, பேரு இல்ல. மை காயற வரைக்கும் பாத்துக்கினே இருந்தேன். மறுநாளு இன்னொருத்தர் வூட்டு சாவு. வந்து சொல்றாங்க, எழுதணுமே. அப்பறம் ஒரு நாளு ஒருத்தன் ஓடியாந்து, பொண்ணு பொறந்துருக்குது எழுதுன்னான். பொறப்புப் பக்கத்தத் திருப்பினேன். எழுதிட்டேன் சார். பெரிநைனா திருவிழா பாத்துட்டு வந்துட்டாரு. கேக்கவே இல்ல. ஏழு வருஷம் கழிச்சு அவரும் போயிட்டாரு, அவரு பேரையும் இதுலதான் எழுதினேன். இப்ப யாருகிட்டக் கொண்டு போயி திருப்பிக் குடுக்கறது? அதான் என்கிட்டயே இருக்குது.

— அதனாலதான் வேலை போனாலும் பரவாயில்லைன்னீர்.

— புஸ்தகம் போயி கையில ஒண்ணும் இல்லன்னா எனக்கு பயமா இருக்குது சார். பன்னெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் பயந்தான். வெக்கத்த வுட்டு சொல்றேன்.

— நான் இதை என்ன நினைச்சு ஜப்தி பண்ணினேன்! இந்தாரும். பிடியும். பிடிங்க, முன்சீப்... கை கூப்பறேன், வாங்கிக்கங்க. உங்க வேலையும் எங்கயும் போகாது. கண்டிகைக் கணக்கு எழுத்துக்கு எழுத்து மெய்னு ரிப்போர்ட் எழுதி இன்னிக்கே தபால்ல போட்டுடறேன். சாகிறதுக்கு முன்னால ஒரு மெய்யான ஸீரோவைப் பாத்துட்டேன். போதும்.

— தபால்லயா? நீங்கதான் சித்தூரு போறீங்களே.

— டிக்கெட் கீழ்த்திருப்பதி வரைக்கும்தான்.

— அப்பறம்?

— அலிபிரிப் பக்கம் கொஞ்சம் நடக்கணும்.

— மலைக்கா சார்? உங்க ஜனங்க அங்க போவ மாட்டாங்களே.

— சும்மா நடக்கத்தான். சித்தூர்ல எனக்கு என்ன இருக்கு? வீட்டுச் சாவியைக் கூட வீட்டுக்காரர்கிட்ட கொடுத்தாச்சு. யாருக்கும் ஒண்ணும் பாக்கி இல்லை. ரயில் கைகாட்டி இறங்கிடுச்சு பாருங்க, வண்டியை அந்த மரத்தடியில நிறுத்துங்க. நான் வரேன்.

— பென்சில் இருக்குதா சார்?

— பையில ஒரு துண்டு கிடக்கும். இதோ. எதுக்கு?

— ஒரு பேரு எழுதணும். கயித்த ஒரு நிமிசம் புடிங்க, செவல ரயில் ஊதற சத்தத்துக்கு மெரளும்.

— ரயில் வந்திடுச்சு, முன்சீப். யார் பேர் இப்ப?

— நீங்களே படிங்க. என் எழுத்து உங்களுக்குப் பழகிப் போச்சு காதா.

— 'நாப்பத்திநாலு. சித்தூரு குமாஸ்தா வேதநாயகம்...' முன்சீப்! என்ன இது? '...இந்தப் புஸ்தகம்.' வேணாம். எனக்கு எதுக்கு?

— பைய இப்பிடி நீட்டுங்க, உள்ள வெக்கறேன். ரொம்ப லேசா இருக்குது பையி. ஆடிக் கிருத்திகைக்கு உங்க கையாலயே கொண்டாந்து குடுக்கணும். தபால்ல வந்தா வாங்கிக்க மாட்டேன்.

— ஆடி வர இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. நடுவுல யாராவது செத்தா எதுல எழுதுவீங்க?

— நீங்க வர்ற வரைக்கும் ஒருத்தரும் சாவக் கூடாதுன்னு ஊருல தண்டோரா போட்டுடறேன்.

— விளையாடாதீங்க. இதை என்கிட்ட கொடுத்துட்டா உங்க கையில என்ன இருக்கும்?

— நீங்க வரணும்ன்றது இருக்கும் சார். ஏறுங்க, அன்னிக்கு அக்காவ களி கிண்டி வெக்கச் சொல்றேன்.